எட்டு டம்ளர் தேநீர்

ஒரே பொட்டலத்துத் தேயிலை, ஒரே பால், ஒரே பாத்திரம். ஆனால் காலையில் அம்மா போட்ட தேநீர் ஒரு ருசி. மாலையில் அக்கா போட்டது வேறு ருசி. ஏன் இப்படி என்று நீங்கள் யோசித்ததுண்டா? "கைப்பக்குவம்" என்பார்கள் பெரியவர்கள். அந்தச் சொல்லை நான் மறுக்கவில்லை. அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியுமா என்பதே என் கேள்வி. எங்கள் வீட்டில் இது வெறும் கேள்வியாக இருக்கவில்லை. ஏழு மாதம் நீடித்த மனத்தாங்கலாகவே இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் குன்னூரில் 32 ஆண்டுகள் வாழ்ந்தவர். தந்தையார் காலமான பின் ஈரோட்டில் எங்களோடு வந்து தங்கினார். வந்த வாரமே தேநீரில் குறை கண்டார். தேயிலையோ அவரே குன்னூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது. "ஏங்கண்ணு, இது நம்மூட்டு டீ மாதிரியே இல்லியே" என்று என்னிடம்தான் சொல்வார். ஆனால் அது என் மனைவியின் காதில் விழும்படியாக இருக்கும். சில நாளில் தேநீரையே நிறுத்திவிட்டு வெந்நீர் கேட்கத் தொடங்கினார். மனைவி வாய் திறக்கவில்லை. அடுப்படியில் பாத்திரம் வைக்கும் ஓசை மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்டது.

நான் இயற்பியல் கற்பிப்பவன். சிக்கலைத் தீர்த்துவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அடுப்படிக்குள் நுழைந்தேன். தேயிலையைக் கூடப் போட்டேன், பாலைக் குறைத்தேன், இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்க விட்டேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் தேவலை, ஆனா கசக்குது" என்றார். எது தேவலையாக்கியது, எது கசக்க வைத்தது? எனக்குத் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை; மூன்றை ஒரே நேரத்தில் மாற்றியிருந்தேன். இதே தவறை ஆய்வகத்தில் என் மாணவர் செய்திருந்தால், பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். கொதிநீர் காய்ந்த இலைக்குள் புகுகிறது. அங்குள்ள பொருள்களைக் கரைத்துக்கொண்டு வெளியே விரவி வருகிறது. தேயிலையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இப்படிக் கரையக்கூடியது, மீதி சக்கை. கரைவனவற்றுள் காஃபீன் ஒன்று. புத்துணர்ச்சிக்கும் ஓரளவு கசப்புக்கும் அதுவே காரணம். துவர்ப்பையும் செம்பழுப்பு நிறத்தையும் தருபவை பாலிஃபீனால்கள் என்னும் தொகுதியைச் சேர்ந்தவை. மணம் தருபவை எளிதில் ஆவியாகும் பொருள்கள். இவை மூன்றும் கைகோத்துக்கொண்டு ஒரே வேகத்தில் வருவதில்லை. காஃபீன் முந்திக்கொள்ளும். துவர்ப்புப் பொருள்கள் நிதானமாகப் பின்னால் வரும். மணப்பொருள்களோ, நாம் கொதிக்க விட்டுக்கொண்டே இருந்தால், ஆவியோடு சேர்ந்து அடுப்படியை மணக்கச் செய்துவிட்டுப் போய்விடும்.

ஆகவே "சாயம் போதவில்லை" என்றால், தேயிலையைக் கூட்டுவதும் நேரத்தைக் கூட்டுவதும் ஒன்றல்ல. முதலாவது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூட்டும். இரண்டாவது துவர்ப்பைக் கூட்டி மணத்தைக் குறைக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கசப்பின் காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகித்தேன்.

தூளின் பருமனும் ஒரு காரணம். ஒரு கனசதுரத்தைப் பக்கம் பாதியாகும்படி எட்டுத் துண்டாக வெட்டினால் மொத்தப் பரப்பு இரு மடங்காகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பரப்பு கூடினால் கரைவதும் விரைவாகும். டீக்கடைகளில் டஸ்ட் டீயை விரும்புவது இதனால்தான். குறைந்த தூளில், குறைந்த நேரத்தில் கெட்டியான சாயம் கிடைக்கும்.

இப்படி எத்தனையோ காரணிகள் கலந்து கிடக்கும்போது நமக்கு முதலில் வேண்டியது நல்ல தேநீர் அன்று. என்றும் ஒரே மாதிரி வரும் தேநீர். ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் மற்றவை அசையாமல் நிற்க வேண்டும் அல்லவா? பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1980-இல் இதற்காகவே 3103 என்ற எண்ணுடன் ஒரு தரவிதியை வெளியிட்டது. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை. கொதிக்கும் நீரை ஊற்றி 6 நிமிடம் மூடி வைக்க வேண்டும். பீங்கான் பாத்திரம் இன்ன அளவில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. இதுதான் மிகச் சிறந்த தேநீர் என்று அது சொல்லவில்லை. இரண்டு தேயிலைகளை ஒப்பிட்டுச் சுவைப்பவர்கள் ஒரே முறையில் தயாரிக்க வேண்டும் என்பதே நோக்கம். இதே முறையைக் கூறும் பிரிட்டிஷ் தரவிதி ஆறு பக்கம் நீண்டது. தேநீர் போட ஆறு பக்கமா என்று சிரித்து, 1999-இல் அதற்கு "இக் நோபல்" என்ற வேடிக்கைப் பரிசையும் கொடுத்தார்கள். முதலில் நானும் சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டோம். நீர் 300 மில்லிலிட்டர், தேயிலை 6 கிராம், கொதி வந்தபின் தூளைப் போட்டு 4 நிமிடம், காய்ச்சிய பால் 150 மில்லிலிட்டர், சர்க்கரை 20 கிராம். 6 கிராமை எப்படி அளப்பது? எங்கள் வீட்டுத் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. எனவே தலை தட்டிய தேக்கரண்டியால் 20 கரண்டி தூளை எடுத்து மொத்தமாக நிறுத்தேன். 46 கிராம் வந்தது. ஆக ஒரு கரண்டி 2.3 கிராம். தனி ஊசலின் 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து 20-ஆல் வகுக்கிறீர்களே, அதே உத்திதான். கரண்டியைத் தலை தட்டாமல் குவித்து எடுத்தால் அளவு ஒன்றரை மடங்கு வரை போகிறது என்பதையும் அப்போதுதான் கண்டேன். கைப்பக்குவத்தில் ஒரு பகுதி அந்தக் குவியலில் இருக்கிறது!

இனி, குன்னூருக்கும் ஈரோட்டுக்கும் என்ன வேறுபாடு? எனக்கு விடை தயாராக இருந்தது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். சுமார் 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். குன்னூரில் நீர் ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஈரோட்டிலோ 99 டிகிரிக்கு மேல். சூடு குறைந்தால் துவர்ப்பு குறைவாகவே இறங்கும். "அம்மா கேட்பது 94 டிகிரி தேநீர்!" என்று வீட்டில் அறிவித்தேன். கொஞ்சம் பெருமையோடுதான்.

மனைவி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்: "தண்ணியா இருக்குமோ? பால் ஊத்தறதுக்கு முன்னால டிகாஷன் மேல ஒரு பாடை படியுது, பாத்தீங்களா?" நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

94 டிகிரியைச் சோதிப்பது கடினமில்லை. ஒரு பாத்திரத்தில் வழக்கம் போல் கொதிக்க விடலாம். இன்னொன்றில் அடுப்பைத் தணித்து, வெப்பநிலைமானியைப் பார்த்துக்கொண்டே 93-க்கும் 95-க்கும் இடையில் நிறுத்தலாம். கடினம் வேறிடத்தில் இருந்தது. அம்மாவிடம் இரண்டையும் கொடுத்து "எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டால் என்ன ஆகும்? மகன் ஆசையாகச் செய்தது எது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மருமகள் போட்டது எது என்றும் தெரிந்துவிடும். நாக்கு ருசி பார்க்கும் முன்பே மனம் தீர்ப்பு எழுதிவிடும். இது அம்மாவின் குற்றமன்று. உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். விலை உயர்ந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டுக் குடித்தால் தேநீர் கொஞ்சம் உசத்தியாகத்தான் தோன்றும்.

இந்தச் சிக்கலுக்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே வழி சொன்னவர் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவர் பணியாற்றியபோது, உடன் பணியாற்றிய பாசியியல் அறிஞர் மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிட முடியும் என்றாராம். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார்கள். 1935-இல் வெளிவந்த, சோதனைகளைத் திட்டமிடுவது பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் ஃபிஷர் இத்தகைய ஒரு சோதனையையே முதல் எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். எட்டுக் கோப்பைகள். நான்கு ஒருவகை, நான்கு மறுவகை. நான்கு நான்கு என்பது சுவைப்பவருக்குத் தெரியும். வரிசை மட்டும் குலுக்கிப் போட்டது.

ஒன்றும் தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு நான்கைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் சேர்மானங்கள் 70. அவற்றுள் எல்லாமே சரியாக அமைவது ஒன்றே ஒன்று. நான்கில் மூன்று சரியாக அமைபவை 16. இரண்டு சரி, இரண்டு தவறு என்பவை 36. ஒன்று மட்டும் சரி என்பவை 16. எல்லாம் தவறு, 1. ஆக, எட்டையும் சரியாகச் சொல்பவர் தற்செயலாகச் சொல்லியிருக்க 70-இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் ஆறு டம்ளரைச் சரியாகச் சொன்னார் என்றால் ஆகா என்று கைதட்டிவிடாதீர்கள். அந்த அளவோ அதற்கு மேலோ தற்செயலாக வர 70-இல் 17, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

நாங்களும் எட்டு டம்ளர் வைத்தோம். மனைவி இரண்டு வகைத் தேநீரையும் தயாரித்து, ஒரே மாதிரியான இரண்டு ஃப்ளாஸ்க்குகளில் ஊற்றி, "அ", "ஆ" என்று சீட்டு ஒட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எது எது என்று எனக்கும் தெரியாது. தெரிந்தால் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும். எட்டுச் சீட்டுகளை என் மகள் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்தாள். அந்த வரிசையில் டம்ளருக்கு 50 மில்லிலிட்டர் ஊற்றிக் கொடுத்தேன். இடையிடையே அம்மா வாய் கொப்பளித்தார். "குன்னூர் டீ மாதிரி இருக்கற நாலு டம்ளரைத் தனியா வைங்கம்மா" என்றோம். இரண்டு வகையும் ஒரே சூட்டில் இருந்தனவா என்று முன்னதாகவே பார்த்துக்கொண்டோம். இல்லாவிட்டால் ருசியை விட்டுவிட்டுச் சூட்டைப் பிடித்துக்கொண்டு அடையாளம் சொல்லிவிடலாம்.

94 டிகிரிச் சோதனையின் முடிவு: நான்கில் இரண்டு சரி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பெரும்பாலும் கிடைக்கக்கூடிய விடை. என் அழகான கொள்கைக்கு ஆதரவாக ஒன்றும் கிடைக்கவில்லை. கொதிநிலை பற்றி நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் அம்மாவின் நாக்குக்கு அந்த ஐந்து டிகிரி பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு நாள் எனக்கு மனம் ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகுதான் மனைவி சொன்ன பாடையைப் போய்ப் பார்த்தேன். பால் சேர்க்காத டிகாஷனைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிச் சில நிமிடம் வைத்தால், மேலே பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் மிதக்கிறது. டம்ளரின் உட்புறத்தில் கறையாக ஒட்டிக்கொள்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோவும் டியோ ஜகன்யியும் இந்தப் படலத்தை ஆராய்ந்து 1993-இல் "நேச்சர்" இதழில் எழுதினார்கள். நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் இருந்தால்தான் இது உண்டாகிறது. தேயிலையின் கரிமப் பொருள்கள் மேற்பரப்பில் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, கால்சியம் கார்பனேட்டோடு சேர்ந்து படலமாகின்றன. அதாவது, இது கடின நீரின் கையெழுத்து! எங்கள் வீட்டில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவதை நாள்தோறும் தேய்த்துக் கழுவுபவள் மனைவி. அவள் கண்ணில் பட்டது என் கண்ணில் படாததில் வியப்பில்லை.

பைகார்பனேட் கலந்த நீர் சற்றுக் காரத்தன்மை உடையது. தேநீரின் நிறப்பொருள்கள் அமில-காரங்களுக்கு ஏற்ப மாறுபவை. எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தால் தேநீர் வெளுக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் கறுக்கும். (செய்து பாருங்கள், குடிக்க வேண்டாம்.) எங்கள் தேநீர் நிறம் கறுத்தும் ருசி மழுங்கியும் இருந்ததற்கு இது பொருத்தமான காரணமாகத் தோன்றியது. ஆனால் 94 டிகிரியும் பொருத்தமாகத்தானே தோன்றியது?

குன்னூரிலிருந்து ஓர் உறவினர் வந்தபோது, 5 லிட்டர் கேனில் அவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னோம். மறுபடி எட்டு டம்ளர். தேயிலை, பால், சர்க்கரை, நேரம், அடுப்பு எல்லாம் ஒன்றே. இரண்டுமே ஈரோட்டுக் கொதிநிலையில். நீர் மட்டும் வேறு. அம்மா மூன்றாவது டம்ளரிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டும் முடிந்ததும் நான்கை ஒரு பக்கம் நகர்த்தினார். மாடியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டு விடையைக் கேட்டோம். நான்கும் சரி.

70-இல் 1. அன்று மாலை அம்மா என் மனைவியிடம், "உங் கையில ஒண்ணுமில்ல சாமி, இந்தத் தண்ணிதான்" என்றார். அவளோ, "அதைத்தானே அத்தை நான் அப்பவே சொன்னேன்" என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆனால் தினமும் குன்னூரிலிருந்து தண்ணீர் கொண்டுவர முடியுமா? பாடப்புத்தகத்தில் தற்காலிகக் கடினத்தன்மை என்று படித்திருப்பீர்கள். கால்சியம் பைகார்பனேட் கரைந்த நீரைக் கொதிக்க வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிவிடும். இரவில் ஒரு பாத்திரம் நீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி வைத்து, காலையில் அடி கலங்காமல் மேல் நீரை மட்டும் முகந்துகொள்ள வேண்டும். அந்த நீரில் போட்ட டிகாஷனில் படலம் அநேகமாக இல்லை. நிறமும் சிவந்து வந்தது. சல்ஃபேட், குளோரைடு ஆகியவற்றால் வரும் நிரந்தரக் கடினத்தன்மை மட்டும் இப்படிப் போகாது.

இந்தத் தெளிந்த நீரையும் குன்னூர் நீரையும் எதிரெதிரே வைத்து மூன்றாம் முறை எட்டு டம்ளர் கொடுத்தோம். அம்மா ஆறு டம்ளரைச் சரியாகச் சொன்னார். வேறுபாடு தெரிகிறது என்று சொல்லவும் முடியவில்லை, தெரியவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. இன்னும் இரண்டு முறை செய்தால்தான் ஏதாவது சொல்லலாம். கேனில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இப்போது அவர் காலையும் மாலையும் தெளிந்த நீர்த் தேநீர் குடிக்கிறார். "முக்காவாசி வந்திருச்சு" என்பது அவர் மதிப்பீடு.

உங்கள் வீட்டில் தண்ணீர் ஒரு சிக்கலாகவே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் தேட வேண்டியது உங்கள் நாக்குக்கு ஏற்ற தேநீரை. எங்கள் அளவையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரை அடுப்பருகே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்: 2 நிமிடம், 4 நிமிடம், 8 நிமிடம். மறுநாள் தூளின் அளவை மட்டும். அடுத்து பால். பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால், 8 நிமிடத் தேநீரில் பாலைக் கூட்டிப் பார்ப்பது சுவையான சோதனை. டீக்கடைக்காரர் உயரத் தூக்கி ஆற்றுகிறாரே, அதையும் விட்டுவிடாதீர்கள். காற்றோடு உறவாடும் பரப்பு கூடி, ஆவியாதலால் வெப்பம் விரைவாக வெளியேறுகிறது, நுரையும் வருகிறது. அந்த நுரை ருசியை மாற்றுகிறதா அல்லது சூட்டை மட்டும் குறைக்கிறதா? ஆற்றிய டம்ளரையும், ஆற்றாமல் வைத்து அதே சூட்டுக்கு வந்த டம்ளரையும் ஒருவர் கண்ணைக் கட்டிக் கொடுத்துப் பாருங்கள். நான் இன்னும் செய்யவில்லை.

ஒவ்வொரு நாளும் தேதி, அளவு, முடிவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ருசியை "நல்லது, சுமார்" என்று எழுதாமல், துவர்ப்பு, மணம், கெட்டி, இனிப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் என் மகளின் எழுத்தில் 23 பக்கம் ஆகிவிட்டது. அவளுக்குப் பிடித்தது 3 நிமிடம், பால் பாதிக்குப் பாதி. அம்மாவுக்கு அது "பால்தண்ணி".

ஐப்பசி மழை வந்ததும் அடுத்த சோதனை. முதல் மழையில் மொட்டைமாடி அழுக்குப் போகட்டும். அதன் பிறகு திறந்த வெளியில் சுத்தமான அண்டா வைத்து மழைநீர் பிடித்துக் காய்ச்சப் போகிறோம். அதில் கால்சியம் மிகமிகக் குறைவு. மழைநீரா, தெளிந்த நீரா என்று எட்டு டம்ளர். இந்த முறை ஊற்றிக் கொடுப்பது அம்மாவாம்; குடித்துச் சொல்ல வேண்டியவன் நான்.